பிறந்த நாளும் பிறந்திருக்க வேண்டிய நாளும்

மலேசியாவில், பினாங்கு மாநிலம் பிறையிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகள் 29 வாரத்தில், 1,080 கிராம் எடையுடன் பிறந்தாள். ஐந்தாம் நாள் 970 கிராமுக்கு இறங்கி, 13ஆம் நாள்தான் பிறந்த எடைக்குத் திரும்பினாள். மூன்றாம் வாரம் கிருமித் தொற்று வந்ததால் ஐந்து நாள் பாலை நிறுத்திவிட்டார்கள். 66 நாள் மருத்துவமனையில் இருந்து, 2,050 கிராம் எடையோடு வீட்டுக்கு வந்தாள். இன்று அவளுக்குச் சரியாக 22 வாரம். எடை 4.6 கிலோ, நீளம் 55 செ.மீ., தலைச் சுற்றளவு 38 செ.மீ. போன வாரம் கிளினிக்கில், ஐந்து மாதத்துக்கு இந்த எடை மிகவும் குறைவு என்று புத்தகத்தில் கடைசிக் கோட்டுக்கும் கீழே புள்ளி வைத்தார்கள். இவள் பிறந்த அதே வாரம் பிறந்த என் அக்கா மகன் 7.2 கிலோ இருக்கிறான். அவன் ஒரு வேளைக்கு 180 மில்லி குடிக்கிறான், இவள் 90 மில்லியோடு வாயை மூடிக்கொள்கிறாள், ஒரு நாளைக்கு 8 தடவை. நான் மீண்டும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன்; பீய்ச்சி வைத்த பாலும், இரண்டு வேளை பால்மாவும் கொடுக்கிறோம். மாமியார் பால்மாவை ஒரு கரண்டி கூட்டிக் கெட்டியாகக் கலக்குகிறார், அரிசிக் கஞ்சியும் ஆரம்பிக்கலாம் என்கிறார். கணவர் தொங்கு தராசு ஒன்றை வாங்கிக் காலையும் மாலையும் நிறுக்கிறார். எப்போதுதான் இவள் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிப்பாள்? மூளை வளர்ச்சி பாதிக்குமா? தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோவிலில் முடி இறக்குவதாக வேண்டியிருக்கிறோம். அப்போது அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். கொண்டு போகலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு பென்சிலை எடுத்தேன். குழந்தையின் எடை, நீளம், தலை அளவு, எந்த நாளில் எவ்வளவு என்று இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்புகிற பெற்றோர் குறைவு. குழந்தையை நேரில் பார்க்காமல் ஒரு மருத்துவர் சொல்லக்கூடியவை சில உண்டு, சொல்லக்கூடாதவை பல உண்டு. அந்த எல்லைக்குள் நின்று, உங்கள் எண்களை வைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளி. கர்ப்பம் நிறைவதற்கு 40 வாரம். உங்கள் மகள் 29 வாரத்தில் வந்துவிட்டாள். ஆகவே 11 வாரம் முந்திப் பிறந்தவள். இன்று அவளுக்கு 22 வாரம் என்றால், வளர்ச்சியைக் கணக்கிடும்போது அதிலிருந்து 11 வாரத்தைக் கழித்து, 11 வாரக் குழந்தையாக, அதாவது ஏறக்குறைய இரண்டரை மாதக் குழந்தையாகத்தான் அவளைப் பார்க்க வேண்டும். இதைத்தான் நாங்கள் திருத்திய வயது என்கிறோம். வளர்ச்சி வரைபடத்தில் ஐந்து மாதப் பெண் குழந்தையின் நடுக்கோடு (பாதிப் பிள்ளைகள் அதற்கு மேலும் பாதிப் பிள்ளைகள் கீழும் இருக்கும் கோடு) 6.9 கிலோ, அந்த வயதில் மிகக் கீழே ஓடும் கோடே 4.8 கிலோவில் இருப்பதால், 4.6 கிலோவை அங்கே வைத்தால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு அடைக்கும். அதே 4.6 கிலோவை இரண்டரை மாதத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நடுக்கோடு சுமார் 5.5 கிலோ, இயல்பின் கீழ் எல்லை சுமார் 4.2 கிலோ, உங்கள் மகள் இரண்டுக்கும் இடையில், சற்றுக் கீழ்ப்பக்கமாக, கோடுகளுக்கு உள்ளேயே இருக்கிறாள். தராசு சரி, எடையும் சரி, புள்ளி மட்டும் 11 வாரம் வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது.

இதற்காகத் தாதியரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. தடுப்பூசி நாளில் அறுபது எழுபது பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கும்போது, புத்தகத்தின் மேலட்டையில் கண்ணில் படுவது பிறந்த தேதிதான். அடுத்த முறை போவதற்குள் அந்த அட்டையிலேயே "29 வாரம்" என்றும், அதன் கீழே அவள் பிறந்திருக்க வேண்டிய தேதியையும் தடித்த எழுத்தில் எழுதிவிடுங்கள். எடை, நீளம், தலை அளவு, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. ஊசி பிறந்த தேதியின்படிதான் போட வேண்டும்; குறைமாதப் பிள்ளை சிறியதாயிற்றே என்று தள்ளிப்போடுவது, தொற்றுக்கு எளிதில் இலக்காகிற குழந்தையைப் பாதுகாப்பில்லாமல் விடுவதாகும்.

அக்கா மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மகள் முறையாகப் பிறந்திருக்க வேண்டிய நாளில், அந்தப் பையனுக்கு வயது ஏறக்குறைய 77 நாள். அவனையும் இவளையும் ஒன்றாகப் படுக்க வைத்துப் பார்ப்பது, ஒரே வகுப்பில் சேர்ந்த இருவரில் ஒருத்தி இன்னும் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து சேராதபோது இருவருக்கும் ஒரே தேர்வு வைப்பது போன்றது.

இந்தக் கோடுகளெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துப் போட்டவை, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தா என்று சிலர் உங்களுக்குச் சமாதானம் சொல்லலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம், பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து வரையப்பட்டது. இந்தியாவில் அளந்தது டில்லியில். ஆகவே அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம், அதற்குத் தேவையும் இல்லை. மருத்துவமனையில் இருந்த நாள்களில் உங்கள் மகளுக்கு வேறொரு வரைபடத்தைப் பயன்படுத்தியிருப்பார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்காகவே கனடாவின் ஆய்வாளர் ஃபென்டன் வரைந்து 2013இல் திருத்தி வெளியிட்ட வரைபடம் கர்ப்பக் கணக்கில் 50 வாரம் வரை செல்லும். அந்தக் கணக்கில் இன்று அவளுக்கு 51 வாரம் (29 + 22) ஆகிவிட்டதால், இனி வழக்கமான வரைபடமே போதும், திருத்திய வயதில் புள்ளி வைத்தால்.

இனி, மருத்துவமனையில் கழிந்த அந்த 66 நாள். நீங்கள் கேட்காவிட்டாலும், "என் பாலில்தான் குறையோ" என்ற ஐயம் கடிதத்தின் வரிகளுக்கிடையில் தெரிகிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

29ஆம் வாரத்திலிருந்து 40ஆம் வாரத்துக்குள் கருவிலிருக்கும் சிசுவின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தோலுக்கடியில் கொழுப்பு சேர்வதும், இரும்புச்சத்து ஈரலில் இருப்பு வைக்கப்படுவதும், எலும்புக்கான சுண்ணாம்புச் சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வந்து சேர்வதும் இந்தக் கடைசி மாதங்களில்தான். தொப்புள்கொடி இரவு பகலாக ஊட்டிக்கொண்டிருந்த வேலையை, பிறந்த மறுநிமிடமே ஒரு கட்டைவிரல் அளவுகூட இல்லாத இரைப்பையிடமும், இன்னும் ஒழுங்காக அசையப் பழகாத குடலிடமும் ஒப்படைக்கிறோம். அதனால்தான் முதல் நாள்களில் ஊசிக்குழலில் 1 மில்லி பாலை எடுத்து, மூக்கு வழியாகப் போன மெல்லிய குழாயில், பிஸ்டனை அழுத்தாமல், அது தானாக இறங்கும்வரை தாதியர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 1 மில்லி பசிக்காகக் கொடுப்பதன்று, குடலை எழுப்புவதற்காக. மீதி ஊட்டமெல்லாம் இரத்தநாளம் வழியாகத்தான் போகும்.

1,080 கிராமிலிருந்து 970க்கு இறங்கியது பெரும்பாலும் நீர்தான். இவ்வளவு சிறிய பிள்ளைகள் முதல் வாரத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை இறங்குவதும், இரண்டாம் வாரக் கடைசியில் பழைய எடைக்கு மீள்வதும் நாங்கள் எதிர்பார்ப்பதே. அதன்பின் இவர்கள் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும். கருவறையில் அந்த வேகத்தில்தான் ஏறியிருப்பார்கள். உங்கள் மகளின் கணக்கு வேறு. 13ஆம் நாளிலிருந்து 66ஆம் நாள் வரை 53 நாளில் 970 கிராம் ஏறியிருக்கிறாள். கிலோவுக்குக் கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 12 கிராம். அதாவது அவள் பின்தங்கியது உண்மை, அதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்றாம் வாரத் தொற்றும், பால் நின்ற அந்த ஐந்து நாளும் போதுமான காரணம். தொற்று வந்த உடம்பு, வளர்ச்சிக்கென்று வைத்திருந்த புரதத்தை எடுத்துப் போருக்குச் செலவழிக்கும். பால் நிறுத்தியபின் மீண்டும் 1 மில்லி, 2 மில்லி என்று முதலிலிருந்து படியேற வேண்டும். 1,500 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களில் மிகப் பலர் இப்படி, பிறக்கும்போது இருந்த கோட்டைவிடக் கீழான கோட்டில்தான் வீடு திரும்புகிறார்கள்.

உங்கள் பால்? 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி இருக்கிறது, புரதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். நிறைமாதப் பிள்ளைக்கு அது கனகச்சிதமான அளவு. 1 கிலோ குழந்தைக்கோ, ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 115 முதல் 140 கலோரியும் 3.5 கிராமுக்கு மேல் புரதமும் வேண்டும். அதை வெறும் தாய்ப்பாலில் கொடுக்க வேண்டுமானால் அந்தச் சின்ன வயிறு தாங்காத அளவு ஊற்ற வேண்டியிருக்கும். ஆகவேதான் நீங்கள் பீய்ச்சிக் கொண்டுபோன பாலில் செறிவூட்டும் மாவைக் கலந்து கொடுத்தார்கள். ஒன்பது மாதம் நிறைந்த பிள்ளைக்காகச் சுரந்த பாலை ஆறரை மாதப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிக்கட்டினோம், அவ்வளவே. அதில் உங்கள் குறை என்று எதுவும் இல்லை. குடல் அழுகல் என்கிற கொடிய நோயிலிருந்து இந்தப் பிள்ளைகளைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு இணையாக எந்தப் பால்மாவும் இதுவரை வரவில்லை.

இப்போது நல்ல செய்தி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்று வரை 88 நாள். 2,050 கிராமிலிருந்து 4,600 கிராம். 2,550 கிராமை 88 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 29 கிராம் வருகிறது. இந்தப் பருவத்தில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நாங்கள் திருப்தியோடு தலையாட்டுவோம். மருத்துவமனையை விட்டு வந்தபோது கோடுகளுக்குக் கீழே இருந்தவள், இன்று கோடுகளுக்குள் வந்துவிட்டாள். எட்டிப் பிடிப்பது எப்போது என்று கேட்டிருந்தீர்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. வழக்கமாகத் தலை முதலில் எட்டும், பிறகு எடை, கடைசியில் நீளம். பலரும் திருத்திய வயதில் இரண்டு வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். சிலருக்குப் பள்ளி செல்லும் வயதுவரை ஆகும். சிலர் சற்றுக் குள்ளமாகவே நின்றுவிடுவதும் உண்டு. உங்கள் உயரத்தையும் உங்கள் கணவர் உயரத்தையும் நீங்கள் எழுதவில்லை. பெற்றோர் இருவரும் ஐந்தடியாக இருந்துகொண்டு பிள்ளை மட்டும் நடுக்கோட்டில் வளரவேண்டும் என்றால் நான் ஒன்றும் செய்ய இயலாது.

மாமியார் கூட்டிப் போடும் அந்த ஒரு கரண்டியை இன்றோடு நிறுத்த வேண்டும். இதைக் கடுமையாகவே சொல்கிறேன், அவர் அன்பை மதித்துக்கொண்டே. டின்னில் எழுதிய அளவு தண்ணீருக்கு எழுதிய அளவு மாவுதான். கூடினால் பாலில் உப்பும் புரதமும் செறிந்துபோகும். முதிராத சிறுநீரகம் அதை வெளியேற்ற உடம்பிலிருக்கும் நீரையே செலவழிக்கும். நம் ஊர் வெயிலில் குழந்தைக்கு நீர்வற்றல் வரும், மலம் கட்டும். மருத்துவர் கணக்கிட்டுச் செறிவு கூட்டச் சொன்னால் அது வேறு, அதை அவர் எழுதித் தருவார். கஞ்சியை இப்போது புட்டியில் கலப்பதும் வேண்டாம். கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் மாவுச்சத்தும். எலும்பும் தசையும் மூளையும் கட்டுவதற்கு வேண்டிய புரதமும் தாதுக்களும் பாலில்தான் இருக்கின்றன. வயிற்றைக் கஞ்சி நிறைத்துவிட்டால் பால் குறையும். கன்னம் உப்பும், நீளம் ஏறாது.

90 மில்லியைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். 8 தடவை 90 என்றால் 720 மில்லி, 4.6 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்குச் சுமார் 156 மில்லி. இந்த அளவு போதும். அக்கா மகன் 180 குடிக்கிறான் என்றால் அவன் 7.2 கிலோ; அவன் வயிறு அவனுடையது. தூக்கத்தில் புட்டியை வாயில் திணித்து 120 ஆக்கும் வேலையைச் செய்யாதீர்கள்; அப்படிப் பழக்கிய பிள்ளைகள் புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அந்த வெறுப்பை மாற்ற மாதக்கணக்கில் ஆகிறது.

கொழு கொழு என்று ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் இன்னோர் அபாயமும் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் பார்க்கர் 1989இல், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் பல பத்தாண்டுகளுக்கு முன் பிறந்தவர்களின் எடைக் குறிப்பேடுகளைப் புரட்டி, குறைந்த எடையில் பிறந்தவர்கள் பிற்காலத்தில் இதயநோயால் இறப்பது அதிகம் என்று காட்டினார். சிறியதாகப் பிறந்து, பின்னர் நீளம் ஏறாமல் கொழுப்பு மட்டும் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு அபாயம் கூடுகிறது என்பது அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளின் போக்கு. நம் நாட்டில் சர்க்கரை நோய் இந்தியர்களிடையேதான் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது உங்கள் குடும்பத்திலேயே தெரிந்திருக்கும். முதல் மாதங்களில் வளர்ச்சி போதாமல் போனால் மூளைக்கு இழப்பு. பிறகு கொழுப்பாகப் பெருகினால் நாற்பது வயதில் இழப்பு. இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை சற்றுக் குறுகலானது. அதில் உங்கள் மகள் இப்போது நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பியதைக் குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி உங்களுக்குக் கிடைத்த பிரசவ விடுப்பு 98 நாள்; அதில் 66 நாள் குழந்தை மருத்துவமனையில் இருந்தாள், வீட்டில் அவளோடு இருக்கக் கிடைத்தது 32 நாள். குறைமாதப் பிள்ளை பெற்ற தாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து; சட்டம் இயற்றுபவர்கள் ஒரு நாளாவது இன்குபேட்டர் அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவரை, ஷிப்டுக்கு நடுவில் மூன்று மணிக்கொரு தடவை பீய்ச்ச முடிந்தால் சுரப்பு குறையாமல் நீடிக்கும். கழிவறையில் வேண்டாம்; ஒரு சுத்தமான அறை கேளுங்கள், தேவையானால் உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். பீய்ச்சிய பாலை உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள், நம் ஊர் வெப்பத்தில் மேசைமேல் விட்டுவைக்காதீர்கள். இரண்டு வேளை பால்மா கொடுப்பதில் பாவமில்லை.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது; மேலே சுருக்கத்தில் அது விடுபட்டுவிட்டது. "டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த அதே 6 மில்லிகிராம் இரும்புச்சத்து மருந்தைத் தவறாமல் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். தவறாமல் கொடுப்பது நல்லது. ஆனால் அன்று அவள் 2.05 கிலோ, 6 மில்லிகிராம் என்பது கிலோவுக்குச் சுமார் 3 மில்லிகிராம். இன்று 4.6 கிலோ; அதே 6 மில்லிகிராம் கிலோவுக்கு 1.3 ஆகக் குறைந்துவிட்டது. இத்தகைய பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வேண்டும். ஈரலில் இருப்பு சேரும் முன்பே பிறந்த குழந்தை, எடை இருமடங்காகும்போது இரத்தமும் இருமடங்காக வேண்டும். மருந்து மட்டும் பழைய அளவிலேயே நின்றால் இரத்தசோகை வரும், பசி மந்தமாகும், எடை ஏறுவது நின்றுபோகும். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, இன்றைய எடையைச் சொல்லி அளவைத் திருத்தி வாங்குங்கள். பால்மாவிலும் இரும்பு இருப்பதால் எத்தனை வேளை பால்மா என்பதையும் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டாதீர்கள். வைட்டமின் டி சொட்டு மருந்தும் தொடர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தராசு. உங்கள் கணவரின் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் தொங்கு தராசைப் பரண்மேல் ஏற்றிவிடலாம். ஒரு புட்டிப் பால் 90 கிராம், நனைந்த நாப்கின் நூறு கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்கு 29 கிராம் ஏறும் பிள்ளையைக் காலையும் மாலையும் நிறுத்தால் நீங்கள் அளப்பது பாலையும் மூத்திரத்தையும்தான். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு வாரத்தில் 180 கிராம் இறங்கிவிட்டது என்று ஒரு குழந்தையை வார்டில் சேர்க்கச் சொல்லி, இரத்தம் எடுத்து, அந்தத் தாயை இரண்டு இரவு தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். முந்தைய வாரம் பிள்ளையை நனைந்த நாப்கினோடும் கம்பளிச் சட்டையோடும் நிறுத்து எழுதியதும் நான்தான் என்பது பிறகு தெரிந்தது. வாரம் ஒரு முறை, ஒரே கிளினிக் தராசில், துணியில்லாமல், பால் கொடுக்கும் முன் நிறுத்தால் போதும். மாதம் ஒரு முறை நீளமும் தலையும்.

மூளை வளர்ச்சி பற்றி. 38 செ.மீ. என்ற தலைச் சுற்றளவு இரண்டரை மாதப் பெண் குழந்தைக்கு இயல்பான அளவு. நடுக்கோடு 39 செ.மீ.க்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. மூன்று அளவுகளில் தலைதான் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, எனக்கு மிகவும் ஆறுதல் தந்த எண்ணும் அதுவே, ஏனெனில் மண்டை ஓட்டை வளர வைப்பது உள்ளே வளரும் மூளை. இருந்தாலும் தலை அளவு மட்டுமே உத்தரவாதம் ஆகாது. முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, ஓசைக்குத் திரும்புகிறாளா, குப்புறப் போட்டால் தலையைத் தூக்க முயல்கிறாளா என்பதையெல்லாம் திருத்திய வயதில் பார்க்க வேண்டும். விழித்திரைப் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும் முடிந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. 1,500 கிராமுக்குக் கீழே பிறந்த எல்லாருக்கும் அவை கட்டாயம் வேண்டும், பாக்கியிருந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. இரண்டு வயது வரை மருத்துவமனைத் தொடர்பரிசோதனைக்குப் போவதை, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலோ, பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே கொண்டு போங்கள். தலை மட்டும் மற்ற இரண்டையும் விட்டுவிட்டுக் கோடுகளைத் தாண்டி மேலே ஓடினாலும் அப்படியே. அது வளர்ச்சியன்று, உள்ளே நீர் கோப்பதாக இருக்கலாம்.

திட உணவைத் திருத்திய வயதில் ஆறு மாதத்தை ஒட்டி, கழுத்து நின்று, தாங்கிப் பிடித்தால் உட்காரும் நிலையில் தொடங்கலாம். சரியான நாளை உங்கள் மருத்துவர் குழந்தையைப் பார்த்துச் சொல்லட்டும். அன்று மாமியாரின் கைப்பக்குவம் நமக்கு மிகவும் தேவைப்படும். பருப்பும் மீனும் முட்டையும் மசித்து ஊட்டுவதில் அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதுவரை தேன் நாக்கில் தடவுவது (ஒரு வயது முடியும்வரை தேனே கூடாது), வசம்பு உரைத்து ஊட்டுவது, குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது இவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பிராணவாயு வைத்துத் தேறிய நுரையீரலுக்குப் புகை ஆகாது.

கடைசியாக, தைப்பூசம். அன்று உங்கள் மகள் புத்தகக் கணக்கில் எட்டு மாதம், திருத்திய கணக்கில் ஐந்தரை மாதம். முடி இறக்குவதால் அவளுக்கு ஒரு தீங்கும் இல்லை. புதிய பிளேடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அச்சம் கூட்டத்தைப் பற்றித்தான். இத்தகைய பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் ஒன்று மார்புக்குள் இறங்கினால், மூச்சுவிடவே கலோரியெல்லாம் செலவாகி, ஒரு மாதம் சேர்த்த எடை பத்து நாளில் போய்விடும். மூன்றாம் வாரத் தொற்று என்ன செய்தது என்று நீங்களே கண்டீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டத்தில் அவளைக் கொண்டு போக நான் சம்மதிக்க மாட்டேன். வேண்டுதலின் நாளை மாற்றலாமா என்று சொல்ல நான் அர்ச்சகர் அல்லன்; அவரைக் கேட்டுப் பாருங்கள். கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில், வெயில் ஏறும் முன் விடியற்காலையில் ஏறி இறங்கிவிட முடியுமானால் எனக்கு மறுப்பில்லை. வீட்டில் யாருக்கும் இருமல் இல்லாத வாரமாகப் பாருங்கள். ஐஸ் பெட்டியில் இரண்டு வேளைப் பாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.